பழைய கூட்டாளிகளோடு கரையோரப் படகுப் பயணம்: கேட்டதும் சொன்னதும்

கழி, காயல், கழிமுகம், தீவுகளின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி ஓடும் கால்வாய் என்று கரையை ஒட்டியே படகில் போகிறவர்களிடம், உங்கள் கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். இந்தத் தண்ணீரில் இருபது வருடத்துக்கு மேல் சுற்றியிருக்கிறேன். எஞ்சினைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்ததில் பாதி, கூட வருகிற ஆட்களைப் பற்றி.

கே: கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர், எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று. 36 அடி எஞ்சின் படகு, பத்து நாள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைக்கலாம் சார்?

ப: முதலில் படகின் கணக்கு. தண்ணீரைக் கிழித்துப் போகிற கனமான படகுக்கு இயல்பான வேக வரம்பு ஒன்று உண்டு. தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குங்கள். உங்கள் படகில் அந்த நீளம் 32 அடி என்று வைத்தால் சுமார் ஏழரை நாட் வரும் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அதற்கு மேல் முறுக்கினால் எரிபொருள்தான் கரையும். ஆறு நாட்டில் போங்கள், மணிக்கு 11 கிலோமீட்டர். ஐந்து மணி நேரம் ஓடினால் 30 கடல் மைல், கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எட்டு மணி நேரம் ஓட்டினால் 48 மைல் போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் நண்பர் பயணத்தில் தினமும் 50 மைல் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் மாலை ஐந்து பேரும் ஐந்து மூலையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. வெயில், எஞ்சின் சத்தம், அரைத்தூக்கம், அவ்வளவுதான். நாலாம் நாள் எங்கும் போகாமல் நங்கூரத்திலேயே கிடந்தோம். மதியத்துக்குள் பழைய கேலி திரும்பிவிட்டது. இருபது வயதில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த கதையை வைத்து இப்போது திட்டம் போடாதீர்கள். பத்து நாளில் இரண்டு நாளாவது நகராமல் இருக்கட்டும்.

எரிபொருளுக்குப் பழைய விதி போதும்: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு தொடாமல்.

கே: எங்களில் இரண்டு பேருக்குப் படகு ஓட்டத் தெரியும். இருவருமே விட்டுக்கொடுக்க மாட்டார்கள். யாரைக் கேப்டன் ஆக்குவது?

ப: நாள் மாற்றி நாள் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் ஒரு நாளுக்குள் ஒருவர்தான். படகுத்துறையில் அணைக்கும்போது இரண்டு வாய் பேசினால் படகு மூன்றாவது பக்கம் போகும். முன்முனையில் கயிற்றோடு நிற்பவரும் சுக்கானில் நிற்பவரும் கத்திப் பேச வேண்டாம், எஞ்சின் சத்தத்தில் "விடு" என்பதும் "விடாதே" என்பதும் ஒன்றுதான். நாலு கைச்சைகை பேசி வையுங்கள்: முன்னே, பின்னே, நில், இடைவெளி இவ்வளவு.

இன்னொன்று. படகு இடிக்கப் போகிறது என்றால் காலை நீட்டித் தடுக்கிற பழக்கம் நம் ஆட்களில் பலருக்கு உண்டு. பல டன் எடைக்கு முன்னால் கணுக்கால் எந்த மூலைக்கு? இடிபட்டால் பெயிண்ட்தான் போகும், போகட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கே: அண்ணே, தரை தட்டிவிட்டால் என்ன செய்வது? அதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

ப: இந்த வழிகளில் போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் தட்டத்தான் செய்யும். எந்த நேரத்தில் தட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீர் ஏறும்போது தட்டினால் கொஞ்ச நேரத்தில் அதுவே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரைக்கும் அங்கேதான். அதனால் ஆழம் சந்தேகமான இடத்தை எப்போதும் ஏறும் நீரில் கடங்கள்.

ஏற்றம் ஒரே சீராக வராது. ஆறு மணி நேரத்தில் ஏறுகிற நீரைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 பங்கு. மொத்தம் 2.4 மீட்டர் ஏறும் இடத்தில் முதல் மணியில் வெறும் 20 செ.மீ.; மூன்றாம், நாலாம் மணிகளில் தலா 60. வற்றுவதும் இதே கணக்குதான், அதனால் நடு இரண்டு மணி நேரத்தில் நீர் காலடியிலிருந்து உருவப்படுவது போல இறங்கும். எல்லாக் கரையிலும் இந்தக் கணக்கு பொருந்தாது. சில இடங்களில் ஒரு நாளைக்கு ஒரே ஏற்றம்தான். அந்தந்த இடத்து ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பாருங்கள்.

தட்டிய உடனே முழு வேகத்தில் பின்னுக்கு இழுக்காதீர்கள். புரொப்பெல்லர் கிளப்புகிற மணல், எஞ்சினைக் குளிரவைக்கும் நீரோடு உள்ளே போய்விடும். முதலில் படகுக்குள் தரைப்பலகையைத் திறந்து, அடியில் நீர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஓட்டை இல்லையென்றால், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். வரவில்லையா, அடியில் நீண்ட கீல் (கீழே துருத்தி நிற்கும் அடிக்கட்டை) உள்ள படகானால் நண்பர்கள் அத்தனை பேரையும் ஒரே பக்கம் நிற்க வையுங்கள், படகு சாய்ந்து அடி கொஞ்சம் எழும்பும். கூட்டத்தில் யார் கனமோ அவருக்கு அன்று மரியாதை. அதுவும் உதவாவிட்டால் சின்னத் தோணியில் நங்கூரத்தைக் கொண்டுபோய் ஆழமான பக்கம் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கே: கடலிலிருந்து உள்ளே வரும்போது, வழியின் ஓரத்தைக் காட்டும் சிவப்பு மிதவை எந்தப் பக்கம்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ப: சொல்கிறவர்கள் எல்லோருமே சரி. வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் இவற்றில் சிவப்பு வலப்பக்கம். மற்ற உலகம் முழுக்க இடப்பக்கம். வெளிநாட்டில் படகு வாடகைக்கு எடுக்கிற அனுபவசாலிகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

கே: அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி உள்ளே ஓடும் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்ற நீர்வழியில் நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் போகப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

ப: பாய்மரத்தின் உயரம். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மைல் பூஜ்யம் தொடங்கி மயாமி வரைக்கும் ஏறத்தாழ 1,090 மைல். அங்கே கடல் மைல் கணக்கு இல்லை, அதைவிடச் சின்னதான தரை மைல். இதை மறந்தால் உங்கள் நேரக் கணக்கு தப்பும். திறக்காத பாலங்களுக்குப் பொது உயரம் 65 அடி, அதுவும் உயர் ஓத மட்டத்திலிருந்து. ஆனால் மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் 56 அடிதான். மரத்தின் உச்சியில் நிற்கும் ஆன்டெனாவையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.

அந்த வழிக்கான குறிகளில் சின்ன மஞ்சள் முக்கோணமும் சதுரமும் இருக்கும். நிறத்தில் குழப்பம் வந்தால் மஞ்சளைத் தேடுங்கள்: தெற்கு நோக்கிப் போகும்போது முக்கோணம் வலப்பக்கம், சதுரம் இடப்பக்கம்.

கே: நங்கூரக் கயிறு எவ்வளவு விட வேண்டும்?

ப: ஆழத்தோடு படகு முன்முனையின் உயரத்தையும் இனி ஏறப்போகிற ஓதத்தையும் கூட்டுங்கள். ஆழம் 3 மீட்டர், முன்முனை 1, ஏற்றம் 1 என்றால் 5. முழுச் சங்கிலியானால் ஐந்து மடங்கு, கயிறானால் ஏழு மடங்கு, அதாவது 35 மீட்டர். ஆழத்தை மட்டும் பார்த்து 21 விட்டவர்கள்தான் இரவு இரண்டு மணிக்கு அடுத்தவன் படகில் முட்டி எழுந்திருக்கிறார்கள். போட்டபிறகு பின்னுக்கு மெல்ல இழுத்து, கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு கட்டடத்தையும் நேராக வைத்துப் பாருங்கள். அந்த நேர் விலகவில்லை என்றால் நங்கூரம் பிடித்துவிட்டது.

கே: என் கணவரும் அவர் நண்பர்களும் கிளம்புகிறார்கள். அவருக்குக் கடல் குமட்டல் உண்டு. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற பட்டை கொடுத்து அனுப்பலாமா அண்ணா?

ப: மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் அம்மா. அந்தப் பட்டையில் இருப்பது ஸ்கோபோலமைன். சில வகைக் கண் அழுத்த நோய்க்கும், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுகிறவர்களுக்கும் அது ஆகாது. இந்த இரண்டும் எந்த வயதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். எந்த மருந்தானாலும் கிளம்பும் முன்பே எடுத்தால்தான் பலன். ஆரம்பித்தபின் விழுங்குவது பெரும்பாலும் வெளியேதான் வரும். அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போன் பார்க்கக் கூடாது. சுக்கானைக் கையில் கொடுத்தால் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் எல்லோரும் "கடல் குமட்டல், போய்ப் படு" என்று உள்ளே அனுப்பிவிடுவார்கள். கார்பன் மோனாக்சைடு ஏறினாலும் இதே மூன்றுதான் வரும். நிறமில்லை, வாசனையில்லை. மெதுவாகப் போகும்போது படகின் பின்னால் வெளியேறும் புகை, முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்திருந்தால் அறைக்குள்ளேயே சுருண்டு வரும். பக்கத்தில் கட்டிய படகின் ஜெனரேட்டரிலிருந்தும் வரும். அமைதியான தண்ணீரில் ஒருவருக்கு மேல் தலை வலித்தால் குமட்டல் என்று நினைக்கவே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, எல்லோரையும் காற்றுக்குக் கொண்டுவந்து, உதவி கேட்க வேண்டும். படுக்கை அறையில் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம்.

ஆளுக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்: என்ன நோய், என்ன மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறாரா. நாற்பது வருட நண்பருக்குச் சர்க்கரை இருப்பது மயங்கி விழுந்தபிறகுதான் தெரிந்தது என்ற கதை எனக்கே உண்டு.

கே: குடிக்கிற நண்பர்?

ப: எஞ்சின் அணைந்து, நங்கூரம் பிடித்தபிறகு. அவருக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம், எல்லோருக்கும் இதுதான்.

கே: பெரிய சரக்குக் கப்பல் எதிரே வந்தால் நாம் சின்னப் படகுதானே, அவர்கள் ஒதுங்குவார்களா?

ப: மாட்டார்கள், முடியாது. 1972இல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் ஒன்பதாவது இதற்குத்தான்: குறுகிய வழியில் மட்டுமே போக முடிந்த கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் குறுக்கே நிற்கக் கூடாது. வலப்பக்க ஓரமாகவே போங்கள். ஐந்து குறுகிய ஊதல் கேட்டால், "நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று அவர் உங்களைக் கேட்கிறார்.

கே: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆறு பேருக்கு ஒரே கழிப்பறை...

ப: கூச்சப்பட்டால்தான் அடைக்கும். சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர எதுவும் அதற்குள் போகக் கூடாது, வேண்டுமானால் அங்கே தருகிற காகிதம் கொஞ்சம். கிளம்பும் முன் ஒவ்வொருவரும் ஒருமுறை பம்பை அடித்துக் காட்ட வேண்டும். அடைத்தவரே கழற்ற வேண்டும் என்று பேசிவிடுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம் எங்கள் படகில் அடைத்ததே இல்லை.

கே: ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

ப: அறுபதுக்கு மேல் கிளம்புகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. இவ்வளவு பேரில் நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்குப் படகு ஓட்டக் கற்றுத்தர வேண்டாம், நேரமிருக்காது. மூன்று வேலை தெரிந்தால் போதும். ஒன்று, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைப்பது. இரண்டு, நங்கூரத்தைப் போடுவது; ஆழம் குறைந்த வழி என்பதால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மூன்று, படகின் விஎச்எஃப் ரேடியோவில், அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் பேசுவது. "மேடே" (உயிராபத்து என்பதற்கான அழைப்பு) மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். பொத்தானை அழுத்திப் பேசிவிட்டு விட்டால்தான் பதில் கேட்கும் என்பதையும் சொல்லுங்கள், பதற்றத்தில் அதைத்தான் மறப்பார்கள்.

தண்ணீரில் விழுந்தவரை மேலே கொண்டுவருவதையும் ஒருமுறை பாருங்கள். ஈரத் துணியோடு ஓர் அறுபது வயது ஆளை இரண்டு பேர் கையால் தூக்க முடியாது. ஏணி தண்ணீருக்குள் இரண்டு மூன்று படியாவது இறங்க வேண்டும், விழுந்தவரே கீழிருந்து இழுத்து இறக்க முடிய வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைப் படகுத்துறையிலேயே ஒவ்வொருவர் உடம்புக்கும் அளவு பார்த்து மாட்டிவிடுங்கள், தொப்பைக்குப் பட்டையைத் தளர்த்துகிற வேலை நடுத்தண்ணீரில் வேண்டாம்.

ரேடியோவில் சொல்ல வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை ஜிபிஎஸ் திரையில் எந்த மூலையில் தெரிகிறது என்று ஓர் அம்புக்குறி போடுங்கள். பிறகு, கயிறு அவிழ்ப்பதற்கு முன், வாசிப்புக் கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் படிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் படகில் முதல் தடவை ஒருவராலும் முடியவில்லை.