20 மெஷின் பவர்டேபிள் யூனிட்டுக்கு லிங்க்ட்இன் வழியாக வெளிநாட்டு பையர் கிடைப்பாரா?

கேள்வி: திருப்பூரில் 20 மெஷின் போட்ட பவர்டேபிள் (தையல்) யூனிட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைக்கிறோம். சொந்தமாக ஆர்டர் எடுக்க ஆசை. லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கி 600 பேருக்கு கேட்டலாக் அனுப்பியும் ஒருவரும் பதில் போடவில்லை. எங்கே தப்பு?

பதில்:

பையர் கிடைப்பார். ஆனால் 600 பேருக்கு கேட்டலாக் அனுப்பும் வழியில் கிடைக்க மாட்டார். ஐரோப்பாவில் துணி வாங்கும் பொறுப்பில் உள்ள ஒருவருக்குத் திருப்பூர், டாக்கா, கராச்சி, இஸ்தான்புல் என்று நாலா பக்கமிருந்தும் ஒரே கடிதம்தான் போகிறது: "எல்லாவிதமான ஆடைகளும் தயாரிக்கிறோம், தரம் நன்றாக இருக்கும், விலை குறைவு, உங்கள் ஆர்டரை எதிர்பார்க்கிறோம்." கம்பெனி பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. அதை அவர் முழுதாகப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

யாரைத் தேடுவது என்பதை உங்கள் யூனிட்டின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பேசிக் ரவுண்ட் நெக் டி-சர்ட்டுக்கு 6 நிமிட வேலை என்று வைப்போம். 20 பேர், ஷிப்டுக்கு 480 நிமிடம், 60 சதவீத எபிஷியன்சி என்றால் நாளுக்கு 960 பீஸ். ஸ்டைல் மாறும் நாள், ஆள் வராத நாள், துணி வரத் தாமதமாகும் நாள் எல்லாம் கழித்துப் பார்த்தால் மாதம் 15,000 பீஸை நம்பிச் சொல்லலாம். ஒரு ஸ்டைலுக்கே 50,000 பீஸ் போடும் பெரிய செயின் ஸ்டோர் உங்கள் பார்ட்டி அல்ல. அவர்களின் தொழிற்சாலை ஆடிட்டையே இப்போதைக்கு உங்களால் தாண்ட முடியாது. கலருக்கு 200 முதல் 500 பீஸ் கேட்கும் சின்ன பிராண்டுகள்தான் உங்கள் இடம். அவர்களைப் பெரிய கம்பெனிகள் "குவான்டிட்டி பத்தாது" என்று திருப்பி அனுப்புகின்றன. அங்கே ஓனரோ, புரொடக்ஷன் பார்க்கும் ஒரே ஒருவரோ நேரடியாக முடிவெடுப்பார்.

இன்னொரு விஷயம் திருப்பூரில் பலருக்குத் தெரியாமலே பெரிய நஷ்டம் செய்கிறது. நாம் பனியன் துணி எல்லாவற்றையும் நிட்வேர் என்கிறோம். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல இடங்களிலும் பேஷன் துறையில் 'நிட்வேர்' என்றால் பெரும்பாலும் ஸ்வெட்டர்தான். நம் டி-சர்ட், லெக்கிங்ஸ், ஹூடி எல்லாம் அங்கே 'ஜெர்சி' கணக்கில் வரும். நிட்வேர் என்று தேடினால் ஸ்வெட்டர் பையர்தான் கிடைப்பார். உங்கள் புரொஃபைலிலும் நிட்வேர் என்று போட்டிருந்தால் ஜெர்சி பையர் தேடும்போது நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். தேடும் பெட்டியில் 'ஜெர்சி', 'டி-சர்ட்', 'ஆர்கானிக் காட்டன்' போன்ற சொற்களோடு பதவியையும் சேர்த்துத் தேடுங்கள். பதவியிலும் குழப்பம் உண்டு. பெரிய பிராண்டில் 'பையர்' என்பவர் எந்த ஸ்டைல், எத்தனை பீஸ் என்று முடிவு செய்பவர். எந்த ஃபேக்டரி என்பதில் சோர்ஸிங் மேனேஜர், புரொடக்ஷன் மேனேஜர், கார்மென்ட் டெக்னாலஜிஸ்ட் ஆகியோரின் பேச்சுதான் எடுபடும். சின்ன பிராண்டில் 'ஃபவுண்டர்' என்று தேடினால் போதும்.

இப்போது உங்கள் புரொஃபைல். கம்பெனி பெயரில் தனிநபர் கணக்குத் தொடங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். தனிநபர் கணக்கு ஆளின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பது தளத்தின் விதி, கம்பெனிக்குத் தனிப் பக்கம் உண்டு. புகைப்படத்தில் உங்கள் முகம் இருக்கட்டும், லோகோ வேண்டாம். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு, ஆனால் போனில் பார்ப்பவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும். அங்கே 'மேனேஜிங் பார்ட்னர்' என்று போட்டு வீணாக்காதீர்கள். "ஜெர்சி டி-சர்ட், ஹூடி. கலருக்கு 220 பீஸிலிருந்து. திருப்பூர்" என்று ஆங்கிலத்தில் தொடங்குங்கள். 200 என்ற உருண்டை எண்ணை விட 220 ஏன் வேலை செய்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கேட்க பையருக்கே தோன்றும். சாயப்பட்டறையில் சின்ன மெஷின் ஒன்று 50 கிலோ ஏற்றும் என்று வையுங்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) டி-சர்ட்டுக்கு கட்டிங் வேஸ்டோடு சேர்த்து 220 கிராம் துணி போகும். 50 கிலோவில் 227 பீஸ், செக்கிங்கில் கழிவது போக 220. "அதற்குக் குறைந்தால் பாதி மெஷின் காலியாக ஓடும், அந்தச் செலவு உங்கள் பீஸ் மேல் ஏறும்" என்று விளக்கத் தெரிந்தவரிடம் பையர் அடுத்த கேள்வி கேட்பார். உங்கள் சாயப்பட்டறையின் மெஷின் அளவை வைத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடித்துப் போடுங்கள்.

சர்டிபிகேட் விஷயத்தில் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லாதீர்கள். நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேச சர்டிபிகேட்) இருந்தாலும், தைக்கும் உங்கள் யூனிட் அந்த வரம்புக்குள் வராவிட்டால் பீஸ் காட்ஸ் ஆகாது. காட்ஸ் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், பார்த்ததை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

600 பேரை விட்டுவிட்டு 40 பேரைத் தேர்ந்தெடுங்கள். இதில் பையர்கள் 20 பேர் இருந்தால் போதும். மீதிப் பேர் பையரைச் சுற்றி இருப்பவர்கள்: பையிங் ஹவுஸ் மெர்ச்சன்டைசர், துணி டெஸ்டிங் லேப் ஆட்கள், இன்ஸ்பெக்ஷன் செய்பவர்கள், ஃபிரைட் ஃபார்வர்டர், பிராண்டுகளுக்குப் பேட்டர்ன் போட்டுத் தரும் ஃப்ரீலான்ஸர். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதைத்தான் விளக்கியது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தே இருக்கும், புதிய செய்தி லேசாகப் பழகியவர்களிடமிருந்துதான் வரும். லண்டனில் உட்கார்ந்து நாலு சின்ன பிராண்டுக்குப் பேட்டர்ன் போடும் ஒரு ஃப்ரீலான்ஸரிடம் "நல்ல ஃபேக்டரி தெரியுமா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. அவருக்கு உங்களைத் தெரிந்திருந்தால், நீங்கள் தூங்கும் நேரத்திலும் உங்கள் பெயர் அங்கே போகும்.

ஒரு எல்லைக்கோடு. இப்போது உங்களுக்கு ஜாப் ஒர்க் கொடுக்கும் எக்ஸ்போர்ட்டரின் பையரை இந்த 40-ல் சேர்க்காதீர்கள். லேபிளில் பெயர் தெரிகிறதே என்று தேடிப் பிடித்து மெசேஜ் போட்டால், அந்த பையரே முதல் வேலையாக எக்ஸ்போர்ட்டருக்கு ஃபார்வர்ட் செய்வார். கையில் இருக்கும் வேலையும் போகும், ஊருக்குள் பெயரும் போகும்.

அழைப்பு அனுப்பும்போது, இலவசக் கணக்கில் குறிப்பு எழுதி அனுப்பும் வாய்ப்பு மாதத்துக்குச் சிலதான் கிடைக்கும், குறிப்பும் 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அதை உங்கள் பட்டியலின் முதல் சிலருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களை முதலில் பின்தொடர்ந்து, அவர்கள் போடும் பதிவில் தொழில் தெரிந்தவராக இரண்டு வரி எழுதுங்கள். பிறகு குறிப்பில்லாமல் அழைத்தாலும் பெயர் பழகியிருக்கும். ஒரே நாளில் நூறு அழைப்பு போகும்படி தானாக இயங்கும் மென்பொருள் எதையும் பயன்படுத்தாதீர்கள். தளம் அதைத் தடை செய்திருக்கிறது, கணக்கு முடங்கினால் சேர்த்த தொடர்பெல்லாம் அதோடு நிற்கும். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் மறுபடி அனுப்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

குறிப்பில் உங்களைப் பற்றி எழுத வேண்டாம். அவர்கள் வெப்சைட்டில் ஒரு பீஸை எடுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு: "உங்கள் 240 ஜிஎஸ்எம் டி-சர்ட்டில் காலர் ரிப் மெலிதாகத் தெரிகிறது. லைக்ரா சேர்த்த ரிப்பா? நாங்களும் இதே எடையில் தைக்கிறோம், தொடர்பில் இருக்க விருப்பம்." எளிய ஆங்கிலத்தில் இதை எழுதினால் போதும். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி, தொழிலாளி தொழிலாளியிடம் கேட்பது போன்றது.

ஏற்றுக்கொண்டதும் கேட்டலாக்கை அனுப்பிவிடாதீர்கள். மிகப் பெரும்பாலானவர்கள் உறவைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். நன்றி சொல்லி நிறுத்துங்கள். பத்து நாள் கழித்து அவருக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள், நூல் விலை ஏறியிருக்கிறது, தீபாவளிக்கு ஊரில் பத்து நாள் வேலை நிற்கும், உங்கள் சப்ளையரிடம் டெலிவரி தேதியை இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள் என்பது போல. அவருடைய இப்போதைய சப்ளையருக்கும் சாதகமான செய்திதான், பரவாயில்லை, அதனால்தான் நம்புவார். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் நிறுத்திக்கொள்ளுங்கள், தொடர்பை மட்டும் வெட்டாதீர்கள். நேரம் பார்த்து அனுப்புங்கள்: ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஆகஸ்டில் இத்தாலி, ஸ்பெயின் பக்கம் பல அலுவலகங்கள் விடுமுறை. அப்போது மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிவு வாரத்துக்கு ஒன்று போதும். பண்டிகை வாழ்த்துப் படம், "தரமே எங்கள் தாரக மந்திரம்" எல்லாம் வேண்டாம். ஜிஎஸ்எம் கட்டரில் வட்டமாக வெட்டி எடை போடும் 40 நொடி வீடியோ ஒன்று போடுங்கள். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், தராசில் 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். அடுத்த வாரம் அதே துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்துக் காயவைத்து, திரும்ப அளந்து காட்டுங்கள். நீளத்தில் 47.5 வந்தால் 5 சதவீதச் சுருக்கம். அது அதிகம், காம்பேக்டிங்கில் (துணி பின்னால் சுருங்காமலிருக்க மெஷினில் அமுக்கும் வேலை) என்ன மாற்றினீர்கள், அடுத்த லாட்டில் எவ்வளவு வந்தது என்று மூன்றாவது வாரம். குறையை மறைக்காமல் அளந்து காட்டும் ஃபேக்டரியைத்தான் டெக்னாலஜிஸ்ட் சேமித்து வைப்பார். வீடியோவில் வேறு பிராண்டின் லேபிள், பிரின்ட், கார்ட்டன் மார்க் எதுவும் தெரியக்கூடாது. உங்கள் சாம்பிளுக்கென்று சொந்தமாகத் தைத்த பீஸை மட்டும் காட்டுங்கள்.

"விலை அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் அவசரப்பட்டு ஒரு எண்ணை எழுதாதீர்கள். துணி, ஜிஎஸ்எம், கலர்வாரியாக எண்ணிக்கை, சைஸ் ரேஷியோ, பிரின்ட், பேக்கிங் இவற்றைக் கேளுங்கள், டெக் பேக் (டிசைன், அளவு, தையல் விவரமெல்லாம் உள்ள ஃபைல்) இருந்தால் வாங்குங்கள். விலையை எஃப்ஓபி தூத்துக்குடி (அந்தத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு சேர்ந்த விலை) என்று குறிப்பிட்டு, 15 நாள் செல்லுபடி என்று எழுதுங்கள். இந்த இடத்திலிருந்து பேச்சை மெயிலுக்கு மாற்றுங்கள், சொந்த டொமைன் மெயிலாக இருக்கட்டும். அதற்குள் ஐஇசி எண்ணும் (ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்), ஏஇபிசி (ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில்) பதிவும் கையில் இருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று இழுத்தால் ஆர்வம் ஆறிவிடும்.

போலி பையர்களும் இதே தளத்தில்தான் இருக்கிறார்கள். முதல் மெசேஜிலேயே ஒரு லட்சம் பீஸ், விலை பேரம் இல்லை, ஆனால் 'சப்ளையர் பதிவுக் கட்டணம்' கட்டச் சொல்வார், அல்லது விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்பார். பிரிட்டிஷ் கம்பெனி என்றால் கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்: எப்போது தொடங்கியது, டைரக்டர் யார், கணக்கு தாக்கல் செய்கிறார்களா என்று. ஜெர்மன் வணிக வெப்சைட்டில் 'இம்பிரஸ்ஸும்' என்ற பக்கம் சட்டப்படி இருக்க வேண்டும், முகவரியும் பொறுப்பாளர் பெயரும் அதில் வரும். இல்லையென்றால் விலகுங்கள். உண்மையான பார்ட்டியானாலும் முதல் ஆர்டரில் 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) நகல் பார்த்ததும் என்று பேசுங்கள். அட்வான்ஸ் வராமல் நூல் வாங்காதீர்கள். பேங்க் கணக்கு மாறியதாக எந்தப் பக்கம் மெயில் வந்தாலும் போனில் பேசிக் கேட்டபிறகுதான் நம்ப வேண்டும் என்று பையரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இந்த 40 பேருக்கும் ஒரு நோட்டோ எக்ஸெல் ஷீட்டோ போடுங்கள்: பெயர், பிராண்டு, கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசினோம், அடுத்து எப்போது. இதில் ஒரு பத்தியைத் தனியாக விடுங்கள், வேலை மாறினாரா என்று. மெர்ச்சன்டைசரும் சோர்ஸிங் ஆட்களும் அடிக்கடி கம்பெனி மாறுவார்கள். ஆபீஸ் மெயில் அன்றோடு செத்துவிடும், லிங்க்ட்இன் தொடர்பு அவரோடு புதிய கம்பெனிக்குப் போகும். மாறியதும் வாழ்த்து மட்டும் அனுப்பிவிட்டு ஆறேழு வாரம் விடுங்கள். புது இடத்தில் சப்ளையர் பட்டியல் கைக்கு வந்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குத் தெரியவர அவ்வளவு நாள் ஆகும். அதன்பிறகு கேளுங்கள், கலருக்கு 220 பீஸ் கணக்கில் சின்ன ரன் ஏதாவது மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று.