வாசகர் கேள்வி–பதில்: விமானச் சீட்டில் இருக்கும் அந்த மூன்று எழுத்து

சென்னை என்று பெயர் மாறி எத்தனையோ வருடமாகிவிட்டது. விமானச் சீட்டில் மட்டும் இன்னும் எம்.ஏ.ஏ. என்றே போடுகிறார்களே, ஏன்?
– வாசகி, குடியாத்தம்

மெட்ராஸ் காலத்தில் கொடுத்த எழுத்துகள் அவை. முதல் மூன்று எழுத்தான எம்.ஏ.டி. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டுக்கு உரியது. இந்தக் குறியீடுகளைக் கொடுப்பது விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான அயாட்டா. கனடாவின் மான்ட்ரியலில் அதன் தலைமையகம் இருக்கிறது. 26 எழுத்தை மூன்று மூன்றாகக் கோத்தால் 17,576 சேர்க்கைதான் வரும். உலகம் முழுவதுக்கும் அதற்குள்தான் பங்கிட வேண்டும்.

ஒருமுறை கொடுத்த குறியீடு நிரந்தரம் என்பது அயாட்டாவின் விதி. பறக்கும் பாதுகாப்பைத் தொட்ட வலுவான காரணம் இருந்தால்தான் மாற்றுவார்கள். 1996-ல் மெட்ராஸ் சென்னையானது அந்தக் கணக்கில் வராது. மும்பை இன்னும் பி.ஓ.எம்., கொல்கத்தா இன்னும் சி.சி.யூ. இந்தப் பிடிவாதம் நியாயமானது என்றே சொல்வோம். கட்டணப் பட்டியல், பயணச்சீட்டு, பெட்டியில் ஒட்டும் சீட்டு, சரக்கு ரசீது எல்லாம் இந்த மூன்று எழுத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஒரு நிறுவனம் பழையதையும் இன்னொன்று புதியதையும் வைத்திருந்தால் பெட்டி வழியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று: விமான நிலையம் இடம் மாறினால் குறியீடு பெரும்பாலும் ஊரோடு வந்துவிடும். 2008-ல் ஹைதராபாத் விமானங்கள் பேகம்பேட்டிலிருந்து சம்ஷாபாத்துக்குப் போனபோது எச்.ஒய்.டி.யும் கூடவே போனது. பழைய பேகம்பேட்டுக்கு பி.பி.எம். என்று வேறு கொடுத்தார்கள்.

அப்துல்லாபுரம் விமான நிலையத்தில் விமானம் வந்து இறங்கினால் நம் வேலூருக்கு வி.எல்.ஆர். கிடைக்குமா? ரயிலில் அதுதானே இருக்கிறது?
– வாசகர், சத்துவாச்சாரி

ரயில்வே பட்டியல் வேறு, விமானப் பட்டியல் வேறு; ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. வேலூர் கண்டோன்மென்ட்டுக்கு வி.எல்.ஆர்., காட்பாடிக்கு கே.பி.டி., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே. என்பதெல்லாம் ரயிலில் மட்டும். சென்னை சென்ட்ரலின் எம்.ஏ.எஸ்.ஸை விமானச் சீட்டு பதிவு செய்யும் இடத்தில் தட்டினால், பப்புவா நியூ கினியில் மானுஸ் மாகாணத்திலுள்ள விமான நிலையம் வந்து நிற்கும்! அதனால் நமக்குப் பழகிய எழுத்தே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு விமான நிறுவனம் அந்த ஊருக்குச் சேவை தொடங்க அயாட்டாவிடம் கேட்கும்போது, காலியாக இருப்பதில் பொருத்தமானதைக் கொடுப்பார்கள். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., மங்களூருக்கு ஐ.எக்ஸ்.இ. என்று கிடைத்திருப்பதைப் பாருங்கள்.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் புழங்குவது வேறொரு நான்கெழுத்துக் குறியீடு. அதை ஐ.நா.வைச் சேர்ந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முறைப்படுத்துகிறது. இதில் ஒழுங்கு உண்டு: இந்தியாவின் குறியீடுகள் வி-யில் தொடங்கும், அடுத்த எழுத்து ஏ என்றால் மும்பை வட்டாரம், இ என்றால் கொல்கத்தா, ஐ என்றால் டெல்லி, ஓ என்றால் சென்னை. சென்னை வி.ஓ.எம்.எம்., திருப்பதி வி.ஓ.டி.பி., அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி தளம் வி.ஓ.ஏ.ஆர். பயணிகள் விமானமே வராத தளத்துக்கும் இது இருக்கும், ஏனென்றால் பறக்கும் திட்டத்தில் எழுத இது வேண்டும். மூன்றெழுத்து, சீட்டு விற்கத் தேவைப்படும்போதுதான் வரும்.

ஷூ சாம்பிள்களை விமானச் சரக்கில் அனுப்புகிறோம். ஏஜென்ட் அனுப்பும் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) வரைவில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

முதலில், சேரும் இடத்தின் மூன்று எழுத்து. ஊர்ப்பெயர் சரியாக இருந்து எழுத்து தவறினாலும், பெட்டி எழுத்துச் சொல்லும் இடத்துக்குத்தான் போகும். கோயம்புத்தூர் சி.ஜே.பி., கொழும்பு சி.எம்.பி.; ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இத்தாலிக்கு அனுப்புகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: எம்.ஐ.எல். என்பது மிலான் நகரம் முழுவதற்கும் பொது, மால்பென்சா எம்.எக்ஸ்.பி., லினாட்டே எல்.ஐ.என். எந்த நிலையத்தில் சரக்கை எடுத்துக்கொள்வார்கள் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பில் எண். மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176. மீதி எட்டில் முதல் ஏழு இலக்கத்தை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். 1234567-ஐ வகுத்தால் மீதி 5; ஆக எண் 12345675 என்று முடிய வேண்டும். கடைசி இலக்கம் 7, 8, 9 என்று இருந்தால் எங்கோ தவறாகத் தட்டியிருக்கிறார்கள். இந்தச் சோதனை விமான நிறுவனத்தின் மாஸ்டர் பில்லுக்கு மட்டும்தான்; ஏஜென்ட் தன் பெயரில் கொடுக்கும் ஹவுஸ் பில்லுக்கு அவர் வைத்ததுதான் எண்.

சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லில் உள்ள சேருமிடமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். விமானம் கிளம்பிய பிறகு திருத்துவதென்றால் கடிதம், கட்டணம், தாமதம் எல்லாம் சேர்ந்து வரும். வரைவிலேயே பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பழைய அட்டைப்பெட்டியை மறுபடி எடுத்தால் முந்தைய லேபிளை உரித்துவிடுங்கள். ஸ்கேனர் அதையும் படிக்கும்.

அகர்தலாவிலிருந்து கொல்கத்தா வழியாகச் சென்னைக்கு உறவினர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். பெட்டி நேராக வந்துவிடுமா?
– வாசகி, காந்தி நகர், காட்பாடி

ஒரே பயணச்சீட்டாக இருந்தால் பொதுவாக வந்துவிடும். கவுன்டரில் ஒட்டும் சீட்டில் பெரிய எழுத்தில் எம்.ஏ.ஏ. இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். சி.சி.யூ. என்று இருந்தால் பெட்டி கொல்கத்தாவோடு நிற்கும். உடனே மாற்றித் தரச் சொல்ல வேண்டும். இரண்டு தனித்தனிச் சீட்டு வாங்கியிருந்தால் கொல்கத்தாவில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு நேரம் விட்டு அடுத்த விமானத்தைப் பதிவு செய்யுங்கள். அவர்களிடம் கொடுக்கும் துண்டுச்சீட்டில் 10 இலக்க எண் இருக்கும். பெட்டி வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். மருந்தும் மருத்துவக் கோப்பும் கைப்பையில் இருக்கட்டும்.