கேளுங்க டீச்சர்: கடம்பா நரம்பும் கரித் தாளும்

(முப்பது வருடம் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் செய்முறை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு ராயபுரம் கல்மண்டபம் பக்கம். மூளை பற்றியும் ஆராய்ச்சி வாழ்க்கை பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

மூளை ஆராய்ச்சிக்குக் கடம்பா (கணவாய்) பெரிய உதவி செய்தது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். மீன் விற்கிற என் மாமியார் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நிஜமா?
– வாசகி, காசிமேடு

மாமியாரைச் சிரிக்க விடுங்கள். என் அம்மாவும் காசிமேட்டில் கூடை வைத்து விற்றவர்தான். நான் சொன்னபோது அவரும் சிரித்தார். அடுத்த தடவை கடம்பா ஆயும்போது ஒன்று செய்யுங்கள். தலையை உருவி, மைப்பையை எடுத்து, கண்ணாடித் தகடு மாதிரி இருக்கும் முள்ளையும் இழுத்துப் போட்ட பிறகு, குழாய் உடம்பை நீளவாக்கில் பிளந்து உள்பக்கம் பாருங்கள். வலம் ஒன்று, இடம் ஒன்றாக நட்சத்திரம் போல நரம்பு விரிந்திருக்கும். எதிரி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்னால் பாய உத்தரவு போகிற வழி அது. அவசர உத்தரவு என்பதால் அதில் சில இழைகள் ரொம்பத் தடி. அட்லாண்டிக் கடலில் கிடைக்கிற பெரிய வகையில் ஒற்றை இழை ஒரு மில்லிமீட்டர் வரை போகும். நம் உடம்பில் தடித்த இழையே மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான்.

பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஜே. இசட். யங் அதை முதலில் பார்த்தபோது ரத்தக் குழாய் என்றுதான் நினைத்தாராம். 1939 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த இழையை எடுத்துத் தொங்கவிட்டு, உள்ளே இருப்பது தண்ணீரா கூழா என்று பார்க்கப் பாதரசத் துளியை விட்டார்கள். துளி இறங்கவே இல்லை, கூழ்தான். சரி, குழாய்தான் இருக்கிறதே, மின்முனையை நுழைத்துப் பார்ப்போம் என்று நுழைத்தார்கள். சும்மா இருக்கும்போது இழையின் உள்பக்கம் மின்சாரக் கணக்கில் கழித்தலில் இருக்கும். சேதி போகும்போது பூஜ்யத்துக்கு வரும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அது பூஜ்யத்தைத் தாண்டிக் கூட்டலுக்குப் போய்விட்டது!

சில வாரத்தில் போர் வந்தது. ஹாட்ஜ்கின் ரேடார் வேலைக்குப் போய்விட்டார். போர் முடிந்து, திரும்ப ஆரம்பித்து, 1952-இல்தான் நரம்பில் சேதி எப்படி ஓடுகிறது என்ற முழுக் கணக்கும் வெளியானது. அந்தச் சமயம் பார்த்து கேம்பிரிட்ஜ் கணினி ஓடவில்லை. ஹக்ஸ்லி கையால் சுற்றுகிற கணக்கு மிஷினில் போட்டார். நரம்பில் ஓடும் ஒரே ஒரு துடிப்பைக் கணக்கிட மூன்று வாரம். அந்தத் துடிப்பு நிஜத்தில் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, ரெண்டு பங்கு இருக்கும், அவ்வளவுதான். 1963-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. கடம்பாவுக்கு ஒன்றும் இல்லை.

பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். மூளை ஆராய்ச்சிக்குப் போக டாக்டர் படித்திருக்க வேண்டுமா? அப்பா ஹார்பரில் லோடுமேன். சம்பளம் இல்லாமல் வருஷக் கணக்கில் படிக்க முடியாது.
– வாசகர், வியாசர்பாடி

தம்பி, சம்பளத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மேடையில் விஞ்ஞானம் பேசுகிறவர்கள் அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். எம்.எஸ்ஸி. முடித்து நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை) வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. சில நேரம் மாதக் கணக்கில் தள்ளி, சேர்ந்து வரும் என்று என் பழைய மாணவர்கள் புலம்புவார்கள். கையில் கொஞ்சம் இருக்கட்டும்.

டாக்டர் படிப்பு கட்டாயம் இல்லை. நம்ம ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்த வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டுப்பட்டுப் போன கையில் வலி என்று வந்தவர்களுக்கு ஒரு கண்ணாடியை வைத்தே வைத்தியம் பார்த்தவர். அது ஒரு வழி. மேலே சொன்ன ஹக்ஸ்லி இயற்பியல் படிக்கப் போய்த் தடம் மாறியவர். கிண்டி ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையத்தில் கருவிலிருக்கும் சிசு மூளையின் 5,132 சீவல்களைப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டார்களே, அந்த மையத்தை நடத்தும் மோகனசங்கர் சிவப்பிரகாசம் மின்பொறியியல் பேராசிரியர்.

மற்றபடி, வேலை எப்படி இருக்கும் என்றால்... எங்கள் காலத்தில் பளபளத் தாளை மண்ணெண்ணெய்ப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து உருளையில் சுற்றுவோம். தவளைக் கால் தசை துடிக்கத் துடிக்க, அதோடு கட்டிய ஊசி கரியைக் கீறிக்கொண்டே போகும். கோடு ஒழுங்காக விழுந்தால் அரக்கு வார்னிஷில் முக்கிக் காயப்போட வேண்டும். ஒரு நாள் நாலு மணி நேரம் பாடுபட்டு எடுத்த கோட்டை, முக்குவதற்கு முன்னால் என் முந்தானையே துடைத்துவிட்டது. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா சேலையைப் பார்த்துவிட்டு, "காலேஜுல அடுப்பு ஊதுனியா?" என்றார். மறுநாள் வேறு தவளை, வேறு தாள். இப்போது எல்லாம் கணினித் திரையில். ஆனால் பாழாய்ப் போகிற நாட்களின் கணக்கு குறைந்ததாகத் தெரியவில்லை.

என் பையனுக்குப் பதினாலு வயசு. பாக்ஸிங் போகிறான். தலைக்கவசம் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார் மாஸ்டர்.
– வாசகி, புளியந்தோப்பு

கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கியிருப்பீர்கள். இலையில் வைத்தாலே நெளியும், விரல் பட்டால் பிய்யும். நம்முடையதும் அப்படித்தான். (ஃபார்மலினில் ஊறியதைப் பார்த்துவிட்டு, மூளை ரப்பர் மாதிரி கெட்டி என்று நினைக்கிற மாணவர்கள் வருடா வருடம் உண்டு.) கவசம் புருவம் கிழியாமல் காப்பாற்றும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. குத்து வாங்கி வாங்கித் தள்ளாடி, பேச்சு குழறிப் போகும் வீரர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார்.

பையனைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இந்த ஊர்க்காரி நான். ஸ்கிப்பிங், மூட்டை குத்துவது, கால் வேலை எல்லாம் செய்யட்டும். தலைக்குக் குத்து வாங்குகிற ஸ்பாரிங்கைக் குறைக்கச் சொல்லுங்கள். அடி பட்டுத் தலை சுற்றினாலோ, வாந்தி வந்தாலோ, மறதியாகப் பேசினாலோ அன்றைக்கு ரிங்குக்குள் திரும்பக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் ஆளைக் கவிழ்க்கும். மாஸ்டர் கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நாம் மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே?
– வாசகர், தண்டையார்பேட்டை

இல்லை. உடம்பு எடையில் அது 2 சதவீதம்; தின்பதோ உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. வேலை செய்யாத ஆளுக்கு உங்கள் வீட்டில் அவ்வளவு சோறு போடுவார்களா?