செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள்

கேள்வி: மதுரைக்குள் தினமும் 30 கி.மீ. ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை பின்னால் வந்த வண்டி இடிக்கப் பார்த்தது. செல்ஃபும் சில நேரம் எடுக்கிறது, சில நேரம் எடுப்பதில்லை. பேட்டரியை மாற்றிவிடலாமா? மற்றவர்கள் கண்ணில் நன்றாகத் தெரிகிற மாதிரி எக்ஸ்ட்ரா லைட் ஏதாவது மாட்டலாமா?

பேட்டரிக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை என்றால் ஒரு நிமிஷம் பொறுங்கள். இரண்டு தொல்லை என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது ஒரே தொல்லையாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது, அது தெரிய வருவதற்கு நான் ஒரு தரம் ரோட்டில் விழவும் வேண்டியிருந்தது.

நான் வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் எடுக்கிற லேப் டெக்னீஷியன். திருநகரில் வீடு. வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவேன். பழங்காநத்தம், எல்லீஸ் நகர், எஸ்.எஸ். காலனி என்று ஆரம்பித்து, ஆற்றைத் தாண்டி செல்லூர், நரிமேடு, கே.கே. நகர் வரை சுற்றித் திரும்பினால் நாளைக்கு நாற்பது கி.மீ.க்குக் குறையாது. காபி குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சர்க்கரைக்காரப் பெரியவர்களிடம் போய் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிப் பாருங்கள், என் நிலைமை புரியும். வண்டி 2019-இல் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர், கார்புரேட்டர் மாடல்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழி. தென்கால் கண்மாய் ஓரம் பனி இறங்கி, முன்னால் போகிற ஆள் புகை மாதிரித் தெரிகிற நேரம். குறுக்கே ஒரு மாடு வந்தது. எப்போதும் போல இடது பிரேக்கைப் பிடித்தேன், நின்றும்விட்டேன். பின்னால் பால் கேன் ஏற்றிவந்த லோடு ஆட்டோ நிற்கவில்லை. பெரிய அடி இல்லை, முழங்கால் சிராய்ப்பும் உடைந்த இண்டிகேட்டரும்தான் மிச்சம், சாம்பிள் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கி வந்த டிரைவர் தம்பியை நான் பிடிபிடியென்று பிடிக்க, அவன் நிதானமாக, "ஏங்க்கா, நீங்க பிரேக் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? பின்னாடி லைட்டே வரலையே" என்றான். பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். பக்கத்து டீக்கடை வாசலுக்கு வண்டியைத் தள்ளிப்போய், டீ ஆற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். வலது பிரேக்கைப் பிடித்தால் லைட் பளிச்சென்று வந்தது. இடது பிரேக்குக்கு ஒன்றுமே இல்லை. நான் பாதி நேரம் இடதைத்தான் பிடிப்பேன். நம்மூரில் பெரும்பாலும் எல்லாருமே அப்படித்தான்.

அன்றைக்கே பழங்காநத்தத்தில் வழக்கமாக விடுகிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்காம எத்தன நாளா ஓட்டுறீங்கம்மா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செல்ஃபைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. இரண்டு மாசமாகவே இடது பிரேக்கைப் பிடித்து பட்டனை அழுத்தினால் எடுக்காது, வலதைப் பிடித்தால் எடுக்கும். சரி, வண்டிக்கு வயசாகிவிட்டது, இது அதன் குணம் என்று நானும் வலதையே பிடித்துப் பழகிவிட்டேன். "ரெண்டுக்கும் ஒரே சுவிட்சுதாம்மா" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்று வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் ஆக்சிலேட்டர் கொஞ்சம் திருகியிருந்தாலும் பட்டனை அழுத்தியதும் வண்டி பாய்ந்துவிடலாம். பிரேக் பிடித்திருக்கிறதா என்று வண்டிக்குச் சொல்வது லீவருக்கு அடியில் இருக்கிற ஒரு குட்டி சுவிட்ச். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பின்னால் சிவப்பு விளக்கைப் போடச் சொல்வதும் அதே சுவிட்ச்தான். அது செத்தால் உங்களுக்குச் செல்ஃப் போகும், பின்னால் வருகிறவருக்கு பிரேக் லைட் போகும். செல்ஃப் போனது உங்களுக்கு உடனே தெரியும், ஏனென்றால் தொல்லை உங்களுக்கு. லைட் போனதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். சுவிட்சுக்கும் கூலிக்கும் சேர்த்து அன்று எனக்கு நூற்றைம்பது ரூபாய்கூட ஆகவில்லை. பேட்டரி என்று நினைத்திருந்தால் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும், சுவிட்ச் அப்படியே செத்துக் கிடந்திருக்கும்.

ஆகவே முதலில் இதைப் பாருங்கள். இடது பிரேக்கைப் பிடித்து செல்ஃப் அழுத்துங்கள், அப்புறம் வலதைப் பிடித்து அழுத்துங்கள். ஒன்றில் எடுத்து மற்றதில் எடுக்கவில்லை என்றால் சுவிட்ச்தான். இரண்டிலும் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்து, ஹாரனும் தொண்டை கட்டியது போல முனகினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஹாரன் கணீரென்று இருந்து, செல்ஃப் பட்டனுக்கு எந்தச் சத்தமும் இல்லை என்றால் சுவிட்ச், ஒயர், ஃபியூஸ் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். புது வண்டியாக இருந்தால் சைடு ஸ்டாண்டு முழுக்க மேலே ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், பல மாடல்களில் அது கீழே இருந்தால் என்ஜின் எடுக்காது. என் தங்கை இதற்காக ஒரு தரம் மெக்கானிக்கையே வீட்டுக்கு வரவழைத்தாள்!

பின்னால் ஆள் நிறுத்திப் பார்க்க முடியவில்லை என்றால், இருட்டியபிறகு வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி என்ஜினை ஓடவிடுங்கள். சுவரில் மங்கலாகச் சிவப்பு விழ வேண்டும். இடதைப் பிடித்தால் அது பளிச்சென்று ஏற வேண்டும், வலதைப் பிடித்தாலும் ஏற வேண்டும், விட்டால் பழையபடி மங்க வேண்டும். விட்டபிறகும் மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் அது எரியாததைவிட மோசம். நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. பல்ப் போட்ட வண்டிகளில் பின் விளக்கு ஒரே பல்புதான், உள்ளே இரண்டு இழை, எப்போதும் எரிகிறது 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். ஒரு இழை அறுந்து மற்றது நன்றாக எரியும், அதனால் பகலில் ஒரு தரம் பிரேக் லைட்டைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போய்விட வேண்டாம். வாட்டர் வாஷ் விட்ட மறுநாள் கண்டிப்பாகப் பாருங்கள். ஹோல்டருக்குள் தண்ணீர் போய்ப் பச்சை பூத்துவிடும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பாதி நேரம் பல்பே மாற்ற வேண்டாம்.

எக்ஸ்ட்ரா லைட் வேண்டவே வேண்டாம். உங்களை இடிக்க வந்தது பின்னால் வந்த வண்டி, முன்னால் எத்தனை லைட் மாட்டினாலும் அவருக்கு என்ன பிரயோசனம்? எதிரே வருகிறவருக்குத்தான் கண் கூசும். ராத்திரி ரிங் ரோட்டில் வெள்ளை வெளேரென்று நாலு லைட் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பகலில் முன்புறம் தெரிவதற்கு ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க சுவிட்சே கிடையாது. இத்தனை வருஷம் ஆகியும் விரலை விரித்து மடக்கி "லைட் எரியுதும்மா" என்று சைகை காட்டுகிற பெரியவர்கள் வாரத்துக்கு ஒருவராவது எனக்குக் கிடைக்கிறார்கள். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். பாவம், நல்ல மனசு.

பின்புறத்துக்கு என் யோசனை ஒளிரும் ஸ்டிக்கர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பையிலும் கம்பிலும் ஒட்டிவிடுகிறார்களே, அதே மாதிரிதான். பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம், பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பட்டால் அந்த வெளிச்சத்தையே அவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். சிவப்பில் வாங்கி மட்கார்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறேன், ஹெல்மெட் பின்னால் ஒரு பட்டை. நம்பர் பிளேட்டை மறைத்துவிடாதீர்கள். ஸ்டிக்கரை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், நம்மூர்த் தூசிக்கு அது மண் கலராகிவிடும். லேபில் கொடுத்த கோட் அடர்நீலம், விடிகாலையில் அதுவும் இருட்டும் ஒன்றுதான். அதனால் மேலே இளமஞ்சள் ஜாக்கெட் ஒன்று போட்டுக்கொள்கிறேன். சாலை போடுகிறவர் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் கிண்டல். இருக்கட்டும். சுடிதார் போடுகிறவர்கள் ஷாலை முடிந்து ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், பறக்கவிட்டால் லைட்டையும் மறைக்கும், சக்கரத்திலும் மாட்டும்.

இதெல்லாம் செய்தாலும் நிற்கக்கூடாத இடத்தில் நின்றால் நீங்கள் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டீர்கள். எங்கள் சித்தப்பா டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நான் வண்டி வாங்கிய அன்று ஒரே ஒரு பாடம்தான் எடுத்தார். "இங்க பாரு தாயி, கண்ணாடில என் மூஞ்சி உனக்குத் தெரிஞ்சாத்தான் உன் மூஞ்சி எனக்குத் தெரியும். மூஞ்சி தெரியலயா, நீ அங்க இல்லைன்னு அர்த்தம்." கோரிப்பாளையத்திலும் சிம்மக்கல்லிலும் ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு இடதுபக்கம் சந்து கிடைக்கிறதே என்று நுழைகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் குரல்தான் கேட்கும். அந்தச் சந்தில் ஆள் இறங்குவார், பஸ் ஓரம் கட்டும், டிரைவருக்கு நீங்கள் அங்கே இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு நேர் பின்னாலும் போகாதீர்கள். யாராவது கை காட்டினால் போதும், இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். நீங்கள் நிறுத்துவதாக இருந்தால், திடீரென்று அழுத்திப் பிடிப்பதற்கு முன்னால் லேசாக இரண்டு தரம் பிரேக்கைத் தொட்டுவிடுங்கள், பின்னால் சிவப்பு மினுக்கும். சுவிட்ச் சரியாக இருந்தால்தான் இதுவும். அப்புறம், மாசி வீதிகளில் நெருக்கடிக்காகக் கண்ணாடியை உள்ளே மடக்கியவர்கள் வெளியே வந்ததும் திருப்பி வையுங்கள். எத்தனையோ பேர் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பைபாஸ் வரை போகிறார்கள்.

நடுவழியில் நிற்காமல் இருக்க இன்னும் இரண்டு மூன்று விஷயம். நான் அனுபவத்தில் பட்டது பெல்ட். ஸ்கூட்டருக்குச் செயின் கிடையாது, என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி போவது ரப்பர் பெல்ட் வழியாக. இருபதாயிரம் கி.மீ. தாண்டியதும் திறந்து பார்த்து, இருபத்தைந்தாயிரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. நான் முப்பத்தோராயிரம் வரை இழுத்தேன். கிளம்பும்போது வண்டி நடுங்கியது, ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை, இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. நத்தம் ரோட்டுப் பாலம் 7.3 கி.மீ. நீளம், அதன் நடுவில் சித்திரை மாத வெயிலில் அறுந்தது. என்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. மேலே நிழலும் இல்லை, கடையும் இல்லை. தள்ளிக்கொண்டே இறங்கினேன், ஐஸ் பெட்டியில் சாம்பிள் வேறு. பெல்ட் மாற்றும்போது அதே மூடிக்குள் இருக்கிற ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்காக இன்னொரு தரம் திறக்க வேண்டியிருக்காது.

டயர் காற்று என் வண்டிக்குத் தனியாகப் போனால் முன்னால் 22, பின்னால் 29, ஆள் ஏறினால் பின்னால் 36. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று சீட்டுக்கு அடியிலோ புத்தகத்திலோ இருக்கும், பங்க்கில் நாமாகச் சொல்லவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் முப்பது அடித்துவிடுவார்கள். மழைக்குக் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். உள்ளே போய் வண்டி நின்றுவிட்டால் செல்ஃபைத் தொடாமல் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள், என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் செல்ஃப் அடிப்பது செலவைப் பெரிதாக்கும். வெளியே வந்தபிறகும் கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காது, டிரம் நனைந்திருக்கும், மெதுவாகப் பிடித்துப் பிடித்துக் காயவிடுங்கள்.

பின் விளக்கு பல்ப் வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று முப்பது ரூபாய் வரும். கூடவே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். உபரி பல்பை நான் பஞ்சில் சுற்றிக் கையுறைக்குள் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன், எங்கள் தொழிலில் பஞ்சுக்கும் கையுறைக்கும் பஞ்சம் இல்லை. போன மாசம் கே.கே. நகர் ஆர்ச் பக்கத்தில் ஒரு காலேஜ் பையனுக்கு அதைத்தான் மாட்டிவிட்டேன், அதனால் இப்போது டிக்கி காலி, இன்றைக்குத் திரும்பும்போது ஒன்று வாங்க வேண்டும்.