திரும்பி வந்த அதிபரும் வந்திறங்கிய அரிசியும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில், ஒரு நாட்டு மக்களுக்கு ஜனநாயகத்தை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கரீபியன் நாடான ஹெய்ட்டியில் 1990 டிசம்பரில் மக்கள் அதிபராகத் தேர்ந்தெடுத்த அரிஸ்டீடை மறு ஆண்டே ராணுவம் விரட்டியது. 1994இல் அமெரிக்கப் படை போய் இறங்கியிருக்காவிட்டால் அவர் நாடு திரும்பியிருக்க முடியுமா? கொலைக்கு ஆளாகிக்கொண்டிருந்தவர்களிடம் இறையாண்மை பேசுவது நமக்கு எளிது. பொருளாதாரச் சார்பையும் நீங்கள் மிகையாகவே கண்டிக்கிறீர்கள். வெளியிலிருந்து மலிவாக அரிசி வந்தால் ஏழைக்கு நல்லதுதானே?

அன்புடன்,
க., திருச்சி

அன்புள்ள க.,

‘எவருக்கும் உரிமை இல்லை’ என்று நான் எழுதியது அவசரத்தில் எழுதியது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அரிஸ்டீடுக்கு ஏறக்குறைய 67 சதவீத வாக்குகள் கிடைத்திருந்தன. அவரைத் துரத்திய தளபதி செட்ராஸின் ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் படகேறித் தப்பினார்கள். 1994 அக்டோபர் 15 அன்று நாடு திரும்பிய அரிஸ்டீடை வரவேற்கத் தலைநகரில் திரண்ட கூட்டத்திடம் போய், இது அந்நியத் தலையீடு என்று குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நாடு திரும்புவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, கடனும் உதவியும் தரும் தரப்பினரோடு பாரிஸில் ஒரு திட்டத்துக்கு அவருடைய தரப்பு ஒப்புக்கொண்டிருந்தது. சுங்கவரியைக் குறைப்பது, அரசு நிறுவனங்களைத் தனியாருக்கு விடுவது ஆகியவை அதில் அடங்கியிருந்தன. ஹெய்ட்டி மக்கள் 1990இல் வாக்களித்தது ஏறக்குறைய இதற்கு நேரெதிரான ஒரு திட்டத்துக்கு. 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி வெறும் 3 சதவீதமாக்கப்பட்டது.

உங்கள் அரிசிக் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆர்ட்டிபோனிட் சமவெளிதான் அந்நாட்டின் நெற்களஞ்சியம். நம் ஊர்ப் படியைப்போல அங்கே ‘மமித்’ என்னும் தகர டின்தான் அளவை. ‘மதாம் சாரா’ என்று அழைக்கப்படும் பெண் வியாபாரிகள் அதில் குவித்து அளந்து விற்பார்கள். அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்து வந்திறங்கிய அரிசிக்குச் சந்தையில் ‘மயாமி அரிசி’ என்றே பெயர். அது மலிவாக இருந்தது உண்மை. நகரத்துக் கூலிக்காரருக்குச் சில ஆண்டுகள் அதனால் வயிறு நிறைந்ததும் உண்மை. ஆனால் விலையில் அதோடு போட்டியிட முடியாத விவசாயி நிலத்தை விட்டுவிட்டுத் தலைநகரின் குடிசைப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது, அவரும் அதே அரிசியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவர் ஆனார். 1980களில் பெருமளவு தன் அரிசியைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு, பிறகு தனக்குத் தேவையானதில் ஐந்தில் நான்கு பங்கை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 2008இல் உலகச் சந்தையில் விலை ஏறியவுடன், வயிற்றுக்குள் வெளுப்புத் திரவத்தை ஊற்றியதுபோல எரியும் அந்தப் பசிக்கு மக்கள் அந்தத் திரவத்தின் வணிகப் பெயரான ‘க்ளோராக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். தெருவில் கலவரம் மூண்டது. பிரதமர் அலெக்சிஸ் பதவி இழந்தார். மலிவு என்பது விற்பவர் மலிவாக விற்கும் வரைக்கும்தான் மலிவு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1994இல் அமெரிக்க அதிபராக இருந்து படையை அனுப்பிய பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன், அந்தக் கொள்கை தம்முடைய மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு நன்மை செய்திருக்கலாம், ஆனால் அது தவறு, ஹெய்ட்டி தன் மக்களுக்கு நெல் விளைவிக்கும் திறனை இழந்ததற்குத் தாம் செய்ததே காரணம் என்று ஒப்புக்கொண்டார். பதவியில் இல்லாதபோது வரும் நேர்மை சற்று மலிவானதுதான் என்றாலும், அதையும் சொல்லாதவர்களே அதிகம்.

என்னை அதிகம் உறுத்துவது அரிசிகூட அல்ல. தனியார்மயத்துக்கு ஆதரவு திரட்ட முடியாமல் பிரதமர் ஸ்மார்க் மிஷேல் 1995 அக்டோபரில் பதவி விலகினார். மக்கள் வேண்டாம் என்றதை நிறுத்திவைத்தால் உதவிப் பணம் நிற்கும், பணத்தை வாங்கினால் மக்களின் ஆதரவு போகும் என்ற இடுக்கில்தான் அந்த அரசு இயங்கியது. 1990இல் திரண்டு வந்து வாக்களித்த அதே நாட்டில், 1997 ஏப்ரல் தேர்தலில் வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதை அறியாமை என்றோ சோம்பல் என்றோ சொல்வதற்கில்லை. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அரிசியின் வரியை வேறெவரோதான் முடிவுசெய்வார் என்று தெரிந்துகொண்ட ஒருவர் வரிசையில் நிற்க ஏன் வர வேண்டும்?

ஹெய்ட்டிக்கு இது முதல் அனுபவமும் அல்ல. உலகை ஜனநாயகத்துக்குப் பாதுகாப்பானதாக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் பேசிய 1917ஆம் ஆண்டிலேயே, அவர் அனுப்பியிருந்த படையின் அதிகாரத்தின்கீழ் ஹெய்ட்டியின் தேசிய சபை கலைக்கப்பட்டது. அந்நியர் அங்கே நிலம் வாங்கக் கூடாது என்று விடுதலைக் காலம் முதல் இருந்த தடை 1918 அரசியல் சட்டத்தில் நீக்கப்பட்டது. அந்தப் படை 1934 வரை அங்கே இருந்தது.

எனவே, படை போயிருக்க வேண்டுமா என்று கேட்டால், 1994இன் நிலைமையில் ஆம் என்றே இப்போது சொல்வேன். வரி எவ்வளவு என்பதை மட்டும், அந்தப் படையால் திரும்பிவந்த பாராளுமன்றத்திடமே விட்டிருக்க வேண்டும். அது தவறாகவே முடிவெடுத்திருந்தாலும் அடுத்த தேர்தலில் அதைத் தண்டிக்க அம்மக்களுக்கு வழி இருந்திருக்கும். பாரிஸில் கையெழுத்தானதை எந்த வாக்குச்சீட்டால் தண்டிப்பது? உங்களுக்கு ஒரு பதில் தோன்றினால் எழுதுங்கள்.