சித்திரையில் வாங்கிய வீடு, ஐப்பசியில் ஒழுகுகிறது

கேள்வி: மாசம் கொஞ்சம் வாடகை வரட்டுமே என்று தாம்பரம் பக்கம் 14 வருஷப் பழைய அடுக்குமாடியில் மேல்மாடி ஃபிளாட் ஒன்றைச் சித்திரையில் வாங்கினேன். ஐப்பசி மழைக்குப் படுக்கையறைச் சீலிங் ஒழுகுகிறது. குடியிருப்பவர் வாடகை தரமாட்டேன் என்கிறார். விற்றவரோ, ‘பார்த்துத்தானே வாங்கினீங்க?’ என்கிறார். என்ன செய்ய?

பதில்: சித்திரையில் எந்த மொட்டைமாடியும் ஒழுகாது. வீடு பார்க்கப் போனபோது சீலிங்கில் மட்டும் புதுப் பெயின்ட் வாசனை அடித்ததா? சரி, விடுங்கள், இனி அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

விற்றவர் சொல்வது பாதிதான் சரி. விற்பவருக்குத் தெரிந்த பெரிய குறை, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாது என்றால், அதை அவர் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் அது மோசடிக் கணக்கில் சேரும் என்கிறது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. ஆக, ஒழுகுகிறது என்று நிரூபிப்பது பெரிய விஷயமில்லை, அது அவருக்கு முன்பே தெரியும் என்று காட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பு குடியிருந்தவர் ஏன் காலி செய்தார் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. அந்தப் பழைய குடித்தனக்காரர் ‘சார், மறுபடியும் ஒழுகுது’ என்று அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டையும் புரட்டிப் பாருங்கள்.

அதுவரை சீலிங்கைச் சுரண்டிப் பட்டி பார்க்காதீர்கள். ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, மாடியில் இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாடியில் பதித்த தட்டோடுகளின் இடுக்கில் இறங்குகிறதா, குழாய் ஓரத்திலா என்று தெரிந்துவிடும். கான்கிரீட் உப்பி, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால் விஷயம் பெரிசு. எதுவானாலும் தேதி போட்ட போட்டோவோடு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. மொட்டைமாடி பொது இடம், உங்கள் ஒருவர் சொத்தல்ல. அதை ரிப்பேர் செய்யும் செலவு சங்கத்தின் தலையில்தான் விழவேண்டும், ‘ஒழுகுறது உங்க வீட்லதானே’ என்று மற்றவர்கள் நழுவுவார்கள், விடாதீர்கள். முதலில் இந்தக் கதவைத் தட்டுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தின் 5 வருஷப் பழுதுப் பொறுப்பு பில்டருக்கு, 14 வருஷக் கட்டடத்துக்கு அது வராது. விற்றவர் மேல் என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் கோர்ட். கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், அதோடு வருஷக்கணக்கில் அலைச்சல். கிரயத்தையே ரத்து செய்கிறேன் என்று கிளம்பாமல், செலவான பணத்தைக் கேளுங்கள். நோட்டீஸோடு அந்த வாட்ஸ்அப் நகலும் போனால், பேச வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

குடியிருப்பவரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். கட்டடப் பழுது வீட்டுக்காரர் பொறுப்புதான். அந்த அறைக்கு ஏற்ப வாடகையைக் குறைத்து, எத்தனை மாதத்துக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பின்னால் காட்ட அந்தக் காகிதமும் உதவும்.