இசைத்தட்டு உறையில் சித்திரக்கதை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய புத்தகக் கடை ஒன்றில் ‘சீப் த்ரில்ஸ்’ என்ற ஆங்கில எல்பி தட்டைப் பார்த்தேன். உறையில் பாடகரின் புகைப்படம் இல்லை. முழுவதும் சித்திரக்கதைக் கட்டங்கள். வரைந்தவர் யார்? இசைத்தட்டுக்கு இப்படி ஒரு முகப்பு எப்படி அமைந்தது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: தாங்கள் பார்த்தது 1968இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தட்டு. ‘பிக் பிரதர் அண்ட் தி ஹோல்டிங் கம்பெனி’ என்ற சான் பிரான்சிஸ்கோ ராக் குழு பாடியது. குழுவின் குரல் ஜானிஸ் ஜாப்ளின். வரைந்தவர் ராபர்ட் கிரம்ப். அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘ஸாப் காமிக்ஸ்’ முதல் இதழை வரைந்து வெளிக்கொணர்ந்து, மனைவியுடன் குழந்தையைத் தள்ளும் வண்டியில் வைத்து ஹெய்ட் தெருவில் விற்றவர் அவர்.

குழுவினர் எல்லோரும் ஆடையின்றி ஒரே படுக்கையில் இருக்கும் புகைப்படத்தை முகப்பில் போட வேண்டும் என்பதே முதலில் எழுந்த யோசனை. நிறுவனம் அதை ஏற்கவில்லை. தட்டுக்கு வைத்திருந்த நீண்ட பெயரிலிருந்தும் முதல் இரண்டு சொற்களை வெட்டி, ‘சீப் த்ரில்ஸ்’ என்பதை மட்டும் விட்டுவைத்தது. கிரம்பின் கட்டங்கள் பின்னட்டைக்காக வரையப்பட்டவை. முன்னட்டைக்கு ஜாப்ளினின் உருவப்படம் தனியாகத் திட்டமிடப்பட்டிருந்தது. அக்காலத் தலைமறைவுக் காமிக்ஸ்களை (பெரிய பதிப்பகங்களைச் சாராமல், அவற்றின் கட்டுப்பாடுகளுக்கு அடங்காமல் வெளிவந்தவை), குறிப்பாகக் கிரம்பின் படைப்புகளை, விரும்பிப் படித்துவந்த ஜாப்ளின், பின்னட்டைப் படமே முன்னால் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பிறகு அந்தத் தட்டு அமெரிக்க இசைத்தட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. கிரம்புக்குக் கிடைத்த ஊதியம் 600 டாலர்.

உறையை மீண்டும் கையில் எடுக்க வாய்த்தால் நிதானமாகப் பாருங்கள். நடுவிலிருந்து கட்டங்கள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் பிரிகின்றன. பாட்டுக்கு ஒரு கட்டம், அதற்குள்ளேயே கையால் எழுதிய பாட்டின் பெயர். ‘பால் அண்ட் செயின்’ கட்டத்தில் ஒரு பெண் காலில் பிணைத்த இரும்புக் குண்டை இழுத்துக்கொண்டு போகிறாள். ‘டர்ட்டில் ப்ளூஸ்’ என்றால் ஆமையே வந்து நிற்கிறது. பாட்டின் பொருளை விளக்காமல் அதன் பெயரை எழுத்துக்கு எழுத்து படமாக்கிச் சிரிக்க வைக்கும் பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரரின் பழைய உத்திதான் இது. தலைப்பாகை கட்டிய ஒருவரின் பேச்சுக் குமிழியில் ‘ஓவியம்: ஆர். கிரம்ப்’ என்ற பொருளில் ஆங்கில வரி இருக்கும். அந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தது ஒரு பாட்டின் பெயர். தட்டிலிருந்து அந்தப் பாட்டு நீக்கப்பட்டதால், குமிழி காலியாக நிற்காமல் ஓவியரின் பெயர் உள்ளே நுழைந்தது. தொடக்ககாலப் பிரதி சிலவற்றில் பழைய எழுத்து மங்கலாகத் தெரியும்.

ஃபில்மோர் அரங்கில் நேரடியாகப் பதிவு செய்தது என்றும் உறை சொல்கிறது. அதை அப்படியே நம்ப வேண்டாம். மேடையில் பதிவானது கடைசிப் பாட்டு மட்டுமே, அதுவும் வேறோர் அரங்கில். மற்றவை ஸ்டூடியோவில் பதிவு செய்து, கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்தவை.

‘சம்மர்டைம்’ கட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கறுப்பினப் பெண்ணைப் பழைய அமெரிக்க நாடக மேடைகளின் இழிவான கேலியுருவில் கிரம்ப் வரைந்திருக்கிறார். அந்தக் கேலியையே கேலி செய்வதுதான் நோக்கம் என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. எமக்கு அந்த வாதம் போதுமானதாகத் தோன்றவில்லை. உறையின் மற்ற எல்லாக் கட்டங்களையும் ரசித்துவிட்டு அந்த ஒன்றில் முகம் சுளிப்பதே நேர்மை.

கேள்வி: இவ்வளவு ஈடுபாட்டுடன் வரைந்த கிரம்ப் ராக் இசையின் பெரிய ரசிகராக இருந்திருப்பார், அல்லவா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. அவர் தேடித்தேடிச் சேர்த்தவை 1920களிலும் 30களிலும் வெளிவந்த நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள்: நாட்டுப்புற ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை), பழைய ஜாஸ், கிராமத்துப் பிடில் இசை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு உறை வரைந்து தரக் கேட்டபோது மறுத்துவிட்டார். ஆனால் பழைய ப்ளூஸ் பதிவுகளை மறுவெளியீடு செய்த யாஸு போன்ற சிறு நிறுவனங்களுக்கு மனம் நிறைந்து வரைந்தார். படத்துக்குக் கூலியாகப் பழைய தட்டுகளையே வாங்கிக்கொண்டதும் உண்டு. 1970களில் தாமே ஒரு குழுவில் பான்ஜோ வாசித்து, அதன் தட்டுகளுக்கும் உறை வரைந்தார். 1980இல் ப்ளூஸ் கலைஞர்கள் 36 பேரைச் சிறு அட்டைகளில் வரைந்தார். கேலியின் நிழல்கூடப் படியாத அந்த முகங்களைப் பார்த்தால், அவருடைய மனம் எந்த இசையில் இருந்தது என்பது விளங்கும். அவருக்குப் புகழ் தந்ததோ அவர் கேட்க விரும்பாத இசைக்கு வரைந்த உறை.

கேள்வி: நம் தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் அறிந்த ஓவியர் யாரேனும் இத்துறையில் உண்டா?
– வாசகர், சிவகாசி

பதில்: உண்டு, தங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. முத்து காமிக்ஸ் வழியாக நாம் ‘கேப்டன் டைகர்’ என்று அறிந்த கௌபாய் நாயகன், பிரெஞ்சு மூலத்தில் ப்ளூபெர்ரி. அவனை வரைந்த ழான் ஜிரோ, அந்தக் கதைகளில் ‘ஜிர்’ என்று கையொப்பமிட்டார். கற்பனை உலகங்களை வரையும்போது ‘மோபியஸ்’ ஆனார். 1975இல் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் முதல் இரு தட்டுகளை இணைத்துப் பிரான்சில் வெளியிட்ட இரட்டைத் தட்டுக்கு உறை வரைந்தவர் அவரே. ஹென்ட்ரிக்ஸ் உணவருந்திக்கொண்டிருந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்றே அதற்கு ஆதாரம். எரியும் கிட்டாருடன் மேடையில் நிற்கும் ஹென்ட்ரிக்ஸையே உலகம் வரைந்துகொண்டிருந்தபோது, உணவு மேசையில் இருந்த மனிதரை மோபியஸ் தேர்ந்தெடுத்தது எமக்கு மிகவும் பிடித்த செய்தி. பாலைவனத்துப் பாறையையும் டைகரின் சப்பை மூக்கையும் வரைந்த அதே கோடுகளை அங்கும் அடையாளம் காணலாம்.

கேள்வி: ஏற்கெனவே உள்ள ஓவியத்தை உறையில் போடுவதற்கும் புதிதாக வரையச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: பெரிய வேறுபாடு உண்டு. காமிக்ஸிலும் நாவல் அட்டைகளிலும் புகழ்பெற்ற ஃபிராங்க் ஃபிரசெட்டா, கறுப்புக் குதிரைமேல் கோடரியுடன் அமர்ந்திருக்கும் வீரனை 1973இல் தீட்டினார். 1978இல் ‘மாலி ஹாட்செட்’ குழு அதைத் தன் முதல் தட்டின் முகப்பாக்கிக்கொண்டது. ஓவியம் அபாரமானது, ஆனால் வேறொரு குழுவின் தட்டில் ஒட்டினாலும் அது அப்படியே பொருந்தும். அதே 1978இல் ‘ரமோன்ஸ்’ குழுவின் ‘ரோட் டு ரூயின்’ உறையில் ஜான் ஹோம்ஸ்ட்ராம் வரைந்த அக்குழுவின் நால்வரையோ வேறு எங்கும் ஒட்ட முடியாது. ரசிகர் ஒருவர் அனுப்பிய படத்தை அடிப்படையாகக் கொண்டு அவர் அதை வரைந்தார்.

இந்த வேறுபாட்டின் எல்லையைத் தொட்டவர் ‘டேங்க் கேர்ள்’ காமிக்ஸின் ஓவியர் ஜேமி ஹ்யூலெட். இசைக்கலைஞர் டேமன் ஆல்பார்னுடன் லண்டனில் ஒரே வீட்டில் தங்கியிருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து ‘கொரில்லாஸ்’ குழுவை உருவாக்கினார்கள். அதன் நான்கு உறுப்பினர்களும் ஹ்யூலெட்டின் கோட்டுருவங்களே. 2001இல் முதல் தட்டு வெளிவந்தபோது, பாடுபவர்கள் திரைக்குப் பின்னாலும் வரையப்பட்டவர்கள் முன்னாலும் நின்றார்கள்.

கேள்வி: ‘சீப் த்ரில்ஸ்’ குறுந்தகடாக எளிதில் கிடைக்கிறது. உறைக்காகவே எல்பி தட்டை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: எல்பி உறை சுமார் 31 சென்டிமீட்டர் சதுரம், குறுந்தகட்டின் முகப்பு ஏறக்குறைய 12. பரப்பளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிரசெட்டாவின் குதிரைவீரன் அந்த அளவிலும் தாக்குப்பிடிப்பான். கிரம்பின் கையெழுத்துக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும். கேட்க மட்டும்தான் வேண்டும் என்றால் குறுந்தகடு போதும். படிக்கவும் வேண்டும் என்றால் எல்பியை வாங்குங்கள். தட்டில் கீறல் விழுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், உறை கிழியாமல் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.